சுற்றும் சக்கரமும் சும்மா நிற்கும் சக்கரமும்

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த மறுநாள் காலை. சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தின் தார்ச்சாலையை விட்டு இறங்கி, கரிசல் காட்டுக்குள் போகும் பாதையில் ஒரு பிக்கப் சிக்கிக்கொள்கிறது. ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க, இடப்பக்கப் பின்சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றுகிறது. வலப்பக்கப் பின்சக்கரத்துக்குக் கீழே நல்ல கெட்டிச் சரளை. ஏறிப் போகத் தோதான இடத்தில் இருப்பது அந்தச் சக்கரம்தான். ஆனால் அது அசையவே இல்லை. இன்னும் மிதித்தால் இடச்சக்கரம் இன்னும் ஆழமாகப் புதைகிறது. வலச்சக்கரத்துக்கு எதுவும் போய்ச் சேர்வதாகத் தெரியவில்லை.

எஞ்சினில் கோளாறு இல்லை. டயரும் புதிது. பிடிக்க இடமில்லாத சக்கரம் சுற்றுவதும், இடமிருக்கிற சக்கரம் சும்மா நிற்பதும் ஏன்?

சிவகாசி வட்டாரத்தில் இந்தக் கேள்வி ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் எழும். பட்டாசு ஆலைகள் பாதுகாப்பு கருதி குடியிருப்புகளை விட்டு விலகி, அறைக்கு அறை இடைவெளி விட்டுக் கட்டப்படுகின்றன. அவற்றில் பலவற்றுக்கும் கடைசித் தூரம் மண்பாதைதான். சிவகாசி அமைந்த விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குப் பெய்வது சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். தீபாவளிச் சரக்கு மும்முரமாக வெளியேறும் நாட்களும் அந்த மழை தொடங்கும் நாட்களும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன.

மண்ணோ கரிசல். அதிலுள்ள மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நுண்படலங்களால் ஆனது. படலங்களுக்கு நடுவே நீர் நுழையும்போது மண் உப்புகிறது. கோடையில் அந்த நீர் வெளியேறியதும் நிலம் பாளம் பாளமாக வெடிக்கிறது. நனைந்த கரிசல் டயரின் பள்ளங்களில் அப்பி அவற்றை அடைத்துவிடும். பிறகு புது டயருக்கும் மொட்டை டயருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் மண்ணை மட்டும் குறை சொல்ல முடியாது. வலச்சக்கரத்தை நிறுத்தி வைத்திருப்பது பின் அச்சின் நடுவே புடைத்திருக்கும் இரும்புக்கூட்டுக்குள் இருக்கும் பல்சக்கரத் தொகுதி. ஒர்க்‌ஷாப்பில் டிஃபரன்ஷியல் என்பார்கள். தமிழில் வேகவேறுபடுத்தி எனலாம். வண்டி வளையும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தூரம் போகவேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டினால், ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்துகொண்டே வரும். இதைத் தவிர்க்க, நீராவி வண்டிக் காலமான 1820-களின் இறுதியிலேயே பிரான்சில் ஒனேசிஃபோர் பெக்கூர் என்பவர் வேகவேறுபடுத்தியை வடிவமைத்துவிட்டார். இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றலாம் என்று அது அனுமதிக்கிறது. பதிலுக்கு ஒரு நிபந்தனையும் வைக்கிறது: இருபக்கத்துக்கும் முறுக்கு விசையை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசையை, சரிசமமாகத்தான் கொடுக்கும்.

கரிசல் காட்டில் ஓடிய மாட்டு வண்டியை நினைத்தால் இந்த நிபந்தனை விளங்கும். நுகத்தடியின் நடுவை ஏர்க்காலோடு, இருபக்கமும் திரும்பும்படி தளர்வாகக் கட்டியிருப்பதாகக் கொள்வோம். வண்டி வளையும்போது வெளிப்பக்கக் காளை சற்று முந்தலாம். நுகம் சாய்ந்து இடம் கொடுக்கும். இடக்காளை கால் வழுக்கி, இழுக்க முடியாமல் தடுமாறினால் என்ன ஆகும்? வலக்காளை எவ்வளவு திடமானதாக இருந்தாலும் நுகம் அதன் பக்கமாகத் திரும்பிக்கொண்டு போகும்; வண்டி நகராது. இடக்காளையால் எவ்வளவு இழுக்க முடிகிறதோ அந்த அளவுக்குத்தான் வலக்காளையின் இழுப்பும் வண்டிக்குப் போய்ச் சேரும். டிஃபரன்ஷியலும் இப்படித்தான். சேற்றில் இருக்கும் சக்கரத்தைத் திருப்ப மிகச் சிறிய முறுக்கு விசை போதும். அதே சிறிய அளவுதான் சரளை மேல் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கிறது. எஞ்சினின் மீதிச் சக்தி, வழுக்கும் சக்கரத்தை வேகமாகச் சுற்றுவதில் வீணாகிறது.

அடுத்த கேள்வி, ஒரு சக்கரத்தால் அதிகபட்சம் எவ்வளவு விசையை மண்ணில் ஊன்ற முடியும் என்பது. 1699-இல் பிரான்சின் கியோம் அமொந்தோன், பரப்புகளை ஒன்றின் மேல் ஒன்று இழுத்துப் பார்த்து, உராய்வு மேலே அழுத்தும் எடைக்கு ஏற்பவே கூடுகிறது என்று அறிவித்தார். அடுத்த நூற்றாண்டில் சார்ல் கூலும் விரிவான சோதனைகளால் அதை உறுதிப்படுத்தினார். ரப்பரும் சேறும் இந்த விதிக்கு அச்சுப்பிசகாமல் கட்டுப்படுவதில்லை. ஆனாலும் எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை இருக்கிறது என்பதே முதல் கணக்கு.

அதைத் தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம். சரக்கு வண்டிகள் போய்வரும் எடை மேடை போதும். முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, பிறகு முழு வண்டிக்கும் ஒரு எடை. கழித்தால் பின் அச்சின் எடை வந்துவிடும். காலி பிக்கப்பில் எஞ்சின் முன்னால் இருப்பதால் முன் அச்சே கனமாக இருக்கும். வண்டி 1,800 கிலோ, அதில் முன்னால் 1,080, பின்னால் 720 என்று வைத்துக்கொள்வோம். நனைந்த களிமண்ணில் பிடிப்பு, எடையில் ஐந்தில் ஒரு பங்கு எனக் கொள்வோம். சேற்றைப் பிளந்துகொண்டு உருள, மொத்த எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு விசை தேவை எனக் கொள்வோம். அப்படியானால் வண்டி நகர 216 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். பின்சக்கரங்கள் மட்டும் இழுத்தால் கிடைப்பது 144, வண்டி நிற்கும். நான்கும் இழுத்தால் 360, வண்டி போய்விடும்.

இப்போது அதே வண்டியில் 1,000 கிலோ காகிதம் ஏற்றுவோம். பாரத்தின் பெரும்பகுதி பின் அச்சில் இறங்குகிறது: முன்னால் 1,100, பின்னால் 1,700. நகர 336 வேண்டும். பின்சக்கரங்களே 340 தருகின்றன. மயிரிழையில் தப்பிக்கலாம். லோடோடு கடந்த இடத்தில் திரும்பி வரும்போது காலி வண்டி ஏன் மாட்டிக்கொள்கிறது என்று ஓட்டுநர்கள் தலையைச் சொறிவதற்கு விடை இதுதான். பாரம் ஏறினால் சக்கரம் இன்னும் ஆழமாகப் புதையும், தடையும் கூடும் என்பதால் இந்தக் கணக்கை ஓரளவுக்குத்தான் நம்பலாம். ஆனால் அது ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. நான்கு சக்கர இயக்கம் மண்ணில் புதிதாகப் பிடிப்பை உண்டாக்குவதில்லை. முன்சக்கரங்களின் கீழே ஏற்கெனவே இருந்து, பயன்படாமல் கிடந்த பிடிப்பை வேலைக்கு இழுக்கிறது.

இழுத்துக் கொடுக்கும் உறுப்புக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று பெயர். விசைப் பகிர்வுப் பெட்டி எனலாம். கியர்பாக்ஸை ஒட்டி இருக்கும். அங்கிருந்து பின் அச்சுக்கு ஒன்று, முன் அச்சுக்கு ஒன்று என இரண்டு தண்டுகள் புறப்படும். 1941-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உருவான வில்லிஸ் ஜீப்பில் கியர் கம்பியின் அருகே இரண்டு சிறு லிவர்கள் இருந்தன. ஒன்று முன் அச்சை இணைக்கும். மற்றது வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும். அந்த ஜீப்பை 1940-களின் இறுதி முதல் மும்பையில் மஹிந்திரா பூட்டி விற்கத் தொடங்க, இந்தியாவில் ஜீப் என்ற சொல்லே இந்த ஏற்பாட்டுக்கு மறுபெயரானது. இன்று மஹிந்திரா பொலிரோ கேம்பரின் 4×4 வகை, 2016-இல் இந்தியாவுக்கு வந்த இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவற்றில் அதே கருத்துதான் லிவராகவோ திருகாகவோ இருக்கிறது. 2எச் என்றால் பின்சக்கரங்கள் மட்டும். 4எச் என்றால் நான்கும், வழக்கமான கியர் விகிதத்தில். 4எல் என்றால் நான்கும், வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைந்து, முறுக்கு விசை அதே அளவு கூடிய நிலையில்.

4எச்சில் விசைப் பகிர்வுப் பெட்டி முன் தண்டையும் பின் தண்டையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிவிடுகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே தளர்ந்த நுகம் இல்லை. இறுக்கிக் கட்டிய நுகம். பின் அச்சு வழுக்கினாலும் முன் அச்சுக்கு விசை போகும். ஆனால் ஒவ்வொரு அச்சுக்குள்ளும் பழைய டிஃபரன்ஷியல் அப்படியே இருக்கிறது. முன்னால் ஒரு சக்கரமும் பின்னால் ஒரு சக்கரமும் ஒரே நேரத்தில் சேற்றிலோ அந்தரத்திலோ மாட்டினால், 4×4 வண்டியும் இரண்டு சக்கரங்களைச் சுற்றிக்கொண்டு நிற்கும். இதற்குத்தான் டிஃபரன்ஷியலையே பூட்டும் லாக்கர் வந்தது. புதிய வண்டிகளில் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு வழுக்கும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கிறது. அந்தச் சக்கரத்தைத் திருப்ப இப்போது அதிக முறுக்கு விசை வேண்டும். சமமாகத்தான் கொடுப்பேன் என்ற நிபந்தனைப்படி எதிர்ச்சக்கரத்துக்கும் அதே அளவு கிடைத்துவிடுகிறது.

இவ்வளவு நல்லது என்றால் எப்போதும் 4எச்சிலேயே ஓட்டக் கூடாதா? கூடாது என்பதற்கான சான்றை ஈரமான மைதானத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். 2எச்சில் வைத்து, ஸ்டீயரிங்கை நன்றாக ஒடித்து, மெதுவாக ஒரு வட்டம் அடித்துவிட்டு இறங்கித் தடத்தைப் பார்த்தால், முன்சக்கரங்களின் தடம் பின்சக்கரங்களின் தடத்துக்கு வெளியே ஓடியிருக்கும். இரு அச்சுகளுக்கும் நடுவே 3 மீட்டர் உள்ள பிக்கப்பின் பின் அச்சு 5 மீட்டர் ஆரத்தில் வளைந்தால், முன் அச்சு சுமார் 5.8 மீட்டர் ஆரத்தில் வளையும். ஒரு முழு வட்டத்துக்கு முன் அச்சு 5 மீட்டர் அதிகம் ஓடியாக வேண்டும். 4எச்சில் இரு தண்டுகளும் ஒரே வேகத்தில் பூட்டியிருப்பதால் அதற்கு வழியில்லை.

சேற்றிலும் மணலிலும் டயர் கொஞ்சம் வழுக்கி இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் டயர் எளிதில் வழுக்காது. வித்தியாசம் தண்டுகளிலும் பல்சக்கரங்களிலும் முறுக்காக ஏறிக்கொண்டே போகும். ஸ்டீயரிங் கனக்கும், வண்டி வளைவில் திக்கித் திக்கி நகரும், டயர் கீச்சிடும். 2எச்சுக்கு மாற்ற முயன்றால் லிவர் அசையாது. இதைச் சேர்முறுக்கு எனலாம். வண்டியைச் சில அடி நேராகப் பின்னால் எடுத்தால் முறுக்கு தளர்ந்து லிவர் விடுபடும். பலமுறை இப்படி ஓட்டினால் விசைப் பகிர்வுப் பெட்டியின் சங்கிலியோ பல்லோ போய்விடும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும்படி வடிவமைத்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே மூன்றாவது டிஃபரன்ஷியல் இருப்பதால், அவை தார்ச்சாலையில் தடையின்றி ஓடும். சாதாரண பிக்கப்பில் அது கிடையாது.

ஆகவே 4எச்சுக்கு உரிய இடம் சேறு, மணல், கூழாங்கல், ஈரப்புல். சக்கரம் புதைந்த பிறகு போடுவதைவிடச் சேற்றில் இறங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். சுழன்ற சக்கரம் தோண்டிய குழியிலிருந்து ஏற, சமதரையைவிடப் பல மடங்கு விசை வேண்டியிருக்கும். ஓடும்போதே மாற்றக்கூடிய வண்டியானாலும் சக்கரம் வழுக்கிச் சுற்றும் நேரத்தில் மாற்றக் கூடாது. முன் தண்டும் பின் தண்டும் அப்போது வெவ்வேறு வேகத்தில் இருக்கும், இணைப்புப் பற்கள் மோதும்.

4எல் வேறு வேலைக்கு. தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்கு ஜீப் பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஏறுகிறது. பாறையும் பள்ளமுமான ஏற்றம். அத்தகைய இடத்தில் கிளட்சைக் கருக்காமல் நடைவேகத்தில் ஏறவும், இறங்கும்போது பிரேக்கைச் சூடாக்காமல் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தவும் 4எல் உதவும். பெரும்பாலான வண்டிகளில் அதைப் போட வண்டியை நிறுத்தி, நியூட்ரலுக்கு வரவேண்டும். வழுக்கும் கரிசலில் 4எல்லின் முதல் கியர் சில நேரம் எதிரியாகிவிடும்: மிகுதியான முறுக்கு விசை, இருக்கும் கொஞ்சம் பிடிப்பையும் உடைத்துச் சக்கரத்தைச் சுழற்றிவிடும். இரண்டாம் கியரில், ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக மிதித்துப் போவதே அங்கே சரி.

பிரேக் விஷயத்தில் 4×4 வண்டிக்குச் சலுகை ஏதும் இல்லை. எல்லாப் பிக்கப்பும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக் பிடிக்கிறது. மழைச் சாலையில் 4எச் போட்டு வேகம் எடுப்பது எளிது. நிற்கவேண்டிய தூரம் பக்கத்து 4×2 வண்டிக்கு எவ்வளவோ அவ்வளவுதான்.

மழைக்காலத்துக்கு முன் இந்த ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்ப்பது அவசியம். பதினோரு மாதம் 2எச்சிலேயே ஓடிய வண்டியில் லிவர் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். திருகு வைத்த வண்டியில் முன் அச்சை இணைக்கும் மோட்டாரின் ஒயர் அரித்திருக்கலாம். முன் அச்சைக் காற்று வெற்றிடத்தால் இணைக்கும் வண்டிகளில் சிறு ரப்பர் குழாயில் விரிசல் விழுந்தாலே இணைப்பு நடக்காது. டேஷ்போர்டில் விளக்கு எரிவது முழுச் சான்றாகாது. சில வண்டிகளில் அது விசைப் பகிர்வுப் பெட்டிக்குள் நடப்பதை மட்டுமே சொல்லும். சக்கரத்தை அச்சோடு இணைக்கும் ஹப் பூட்டிக்கொண்டதா என்று அதற்குத் தெரியாது.

எளிய சோதனை, தளர்ந்த மண்தரையில் 2எச்சில் ஒரு வட்டம், 4எச்சில் ஒரு வட்டம் அடிப்பது. இரண்டாவதில் ஸ்டீயரிங் இழுத்துப் பிடிப்பதும், வண்டி சற்றுத் திக்குவதும் முன் அச்சு இணைந்துவிட்டதற்கு அடையாளம். இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாவிட்டால் சந்தேகப்படலாம்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் சமதரையில் வண்டியை நிறுத்தி, 4எச் போட்டு, சில அடி நகர்த்தி இணைப்பு விழுந்ததை உறுதிசெய்து, எஞ்சினை அணைக்க வேண்டும். கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்கு இருபக்கமும் கட்டை கொடுத்து, ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். இணைப்பு நடந்திருந்தால் சக்கரம் சிறிது ஆடி நின்றுவிடும். தடையில்லாமல் சுற்றினால், எங்கோ இணைப்பு விடுபட்டிருக்கிறது. ஜாக்கியில் தூக்கிய நிலையில் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பது மட்டும் ஒருபோதும் கூடாது. தரையில் உள்ள சக்கரங்கள் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும்.

மாதம் ஒருமுறையாவது மண்பாதையில் சில கிலோமீட்டர் 4எச்சில் ஓட்டினால், முன் அச்சின் பல்சக்கரங்களிலும் பேரிங்குகளிலும் எண்ணெய் புரண்டு படியும். சீல் காயாமல் இருக்கும். விசைப் பகிர்வுப் பெட்டி, முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எண்ணெய். எஞ்சின் ஆயிலை நாள் தவறாமல் மாற்றுகிற சிலரும் இந்த மூன்றையும் மறந்துவிடுகிறார்கள். தண்டுகளின் க்ராஸ் மூட்டுகளில் கிரீஸ் அடைக்கும் வாய் இருந்தால், சேற்றில் இறங்கிய பின் கிரீஸ் போட வேண்டும். புதுக் கிரீஸ் உள்ளே போகும்போது பழைய கிரீஸோடு மண்ணும் வெளியே வரும்.

விருதுநகர் மாவட்டத்து அர்ச்சுனா நதியில் நீர் ஓடும் நாட்களில் தரைப்பாலத்தைக் கடக்கும் வண்டிகளுக்கு வேறொரு ஆபத்து உண்டு. ஓடிச் சூடான அச்சுக்கூட்டுக்குள் காற்று விரிந்திருக்கும். குளிர்ந்த நீரில் இறங்கியதும் அந்தக் காற்று சட்டென்று சுருங்க, உள்ளே அழுத்தம் குறையும். அச்சுக்கூட்டின் மேலிருக்கும் மூச்சுக்குழாய் சேற்றால் அடைபட்டிருந்தால், வெளியிலுள்ள நீர் சீல் வழியாக உள்ளே உறிஞ்சப்படும். மறுநாள் ஆயில் பிளக்கைத் திறந்தால் எண்ணெய் பால்நிறத்தில் குழம்பி வரும். அப்படி வந்தால் உடனே மாற்றுவது தவிர வேறு வழியில்லை. நீர் கலந்த எண்ணெயில் பேரிங் வெகுநாள் நிலைக்காது. சில ரூபாய் பெறும் அந்தக் குழாயைச் சுத்தமாக வைத்திருந்தால் இந்தச் செலவு வராது.

டயர் கணக்கிலும் 4×4 கறாரானது. சரக்கு வண்டியில் பின் டயர்கள் சீக்கிரம் தேய்வதால் இரண்டிரண்டாக மாற்றும் பழக்கம் உண்டு. 75 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரின் பூப்பகுதி 7 மில்லிமீட்டர் தேய்ந்தால், விட்டத்தில் 1.4 சென்டிமீட்டர் குறையும். ஒரு சுற்றுக்கு 4 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 19 மீட்டர். முன்னால் தேய்ந்த டயரும் பின்னால் புது டயருமாக 4எச்சில் போனால், நேர்பாதையிலேயே சேர்முறுக்கு ஏறத் தொடங்கிவிடும். டயர்களை முன்பின் மாற்றிப் போட்டு நான்கையும் ஒரே அளவில் தேய விடுவதும், மாற்றும்போது நான்கையும் சேர்த்து ஒரே அளவில் வாங்குவதும் இதனால்தான்.

பழைய 4×4 பிக்கப் வாங்குகிறவர் இவற்றையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். நான்கு டயர்களின் அளவும் தேய்மானமும் ஒத்திருக்கின்றனவா, மூன்று பெட்டிகளின் எண்ணெயும் தெளிவாக இருக்கிறதா, மண்தரையில் 4எச் போட்டு வளைத்தால் ஸ்டீயரிங் இழுக்கிறதா, 2எச்சுக்குத் தடையில்லாமல் திரும்புகிறதா என்று பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும். ஸ்டெப்னியையும் அளந்துவிட வேண்டும். அது வேறு அளவு என்றால், பஞ்சரான நாளில் அதை மாட்டிக்கொண்டு 2எச்சிலேயே ஒட்டுக் கடைவரை போய்ச் சேர வேண்டியதுதான்.